புங்குடுதீவு வீட்டுக்குப் புது லைன்

1

எங்கள் வீட்டில் இணையக் கம்பனி மாறிய விஷயம் எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் இந்த வீட்டின் முன்னறை மூலையில், பழைய கறுப்புப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது.

"இது எப்ப வந்தது?" என்று மகன் கஜனைக் கேட்டேன்.

"போன கிழமை" என்றான். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் செய்தது இவ்வளவுதான். முதலில் புதுக் கம்பனியில் பதிந்திருக்கிறான். பெட்டி வந்ததும் பழையதையும் புதியதையும் ஒரு கிழமை பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறான். பழைய பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதற்குக் கொடுத்ததால், என் போனுக்கோ மனைவியின் போனுக்கோ தொலைக்காட்சிக்கோ எந்த மாற்றமும் தெரியவில்லை. எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் பழைய கம்பனிக்குப் போன் அடித்து வேண்டாம் என்றிருக்கிறான். அவர்கள் வழக்கம்போலப் போக விடாமல் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். மூன்று தரம் "வேண்டாம், நன்றி" சொல்லிவிட்டு, பழைய பெட்டியைத் தபாலில் போட்டு, ரசீதைப் படம் எடுத்து வைத்திருக்கிறான். சத்தம் இல்லை, சண்டை இல்லை.

பெருமைப்பட வேண்டிய தகப்பன்தான். எனக்கு வந்தது எரிச்சல். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடத்தில் எந்த அலுவலகத்திலும் ஒரு காரியத்தையாவது நான் கத்தாமல் முடித்ததில்லை. என் இங்கிலீஷைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்துக்குத்தான் நான் கத்துவேன். இவன் கதிரையில் சாய்ந்தபடி, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கம்பனியை விட்டு இன்னொரு கம்பனிக்குப் போய்விட்டான்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். ஊர் வீட்டு லைனையும் மாற்ற வேண்டும். அவனுக்கு ஏலுமென்றால் எனக்கும் ஏலும்.

2

ஊர் வீடு என்றால் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. அம்மா கடைசி வரை அங்கேதான் இருந்தா. அவ செத்து மூன்று வருடமாகிறது. இப்போது என் தங்கச்சி மலர் தனியே இருக்கிறாள். ஐம்பத்துநாலு வயது, கலியாணம் கட்டவில்லை, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. வீடு என் பெயரில். அம்மாவைப் பார்த்தது அவள், வீட்டைத் திருத்தியது நான். அதனால் வீடு யாருக்கு என்ற பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை, அதாவது நான் வரவிட்டதில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுவாரம் கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உடனே யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடித்து நான்கு கமரா பூட்டுவித்தேன். ஒன்று வாசல் படலையில், ஒன்று முன் விறாந்தையில், ஒன்று தென்னைப் பக்கம், ஒன்று கிணற்றடியில். தீவில் இப்போது ஆள் இருக்கிற வீட்டைவிடக் கமரா இருக்கிற வீடு அதிகம் என்பது ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் வீடு வளவுகளுக்கெல்லாம் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு காவல் காக்கிறோம். சிரிக்க வேண்டாம். நீங்களும் இங்கே வந்திருந்தால் அதைத்தான் செய்வீர்கள்.

காலை ஏழு மணிக்கு நான் பாணும் தேத்தண்ணியுமாகக் குசினி மேசையில் இருந்து ஊரைப் பார்ப்பேன். அங்கே பின்னேரம் நாலரை. போனில் நான்கு சதுரம். தேங்காய் விழுந்து கிடந்தால் எனக்குத் தெரியும். படலை கொளுவாமல் கிடந்தால் தெரியும். கமராவில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் இருந்தது. நான் இங்கே பேசினால் அங்கே கேட்கும். ஆடு உள்ளே வந்தால் "ஏய்!" என்பேன், ஆடு ஓடும். ஒருமுறை தபால்காரரும் ஓடினார்.

ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவேன். பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்கிற பகுதி. அங்கே எனக்கு மேலே ஒரு கமரா இருக்கிறது. அதை எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. மேற்பார்வையாளரோடு இரண்டு தரம் சண்டை பிடித்திருக்கிறேன், மனிதரை நம்பத் தெரியாதா என்று. இதை எழுதும்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஊர் லைன் பழைய மாதிரி, கோபுரத்திலிருந்து சிக்னல் இழுக்கிற பெட்டி. மழை பெய்தால் படம் உறைந்துவிடும். மலர் முற்றத்தில் ஒரு காலைத் தூக்கியபடி பத்து நிமிடம் நிற்பாள். இந்த வருடம் வேறு ஒரு கம்பனி பெரிய வீதியால் கண்ணாடி நார்க் கம்பி இழுத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் மூன்றாவது திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையாவது உறையாமல் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

3

பழைய கம்பனியின் கொழும்பு இலக்கத்துக்கு அடித்தேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பிள்ளை வந்தது.

"சார், இந்த கணக்கு உங்க பேர்ல இல்லையே."

"ஓம், அம்மான்ரை பேரிலை."

"அப்போ அம்மாகிட்ட போனை குடுங்க சார்."

"அம்மா செத்து மூண்டு வருசமாகுது, பிள்ளை."

"ரொம்ப வருத்தம் சார். அப்படின்னா மரணச் சான்றிதழ், உங்க அடையாள அட்டை கொப்பி எடுத்துக்கிட்டு நீங்க நேர்ல எங்க கிளைக்கு வரணும்."

"நான் கனடாவிலை நிக்கிறன்."

"பரவாயில்ல சார். வேலை நாள்ல எப்ப வேணும்னாலும் வரலாம்."

போனை வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரில் ஒரு தழும்பு இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் தீவார் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. எங்களுடைய அடையாள அட்டை செல்லாது, அதனால் ஊரில் இருக்கும் வயது போனவர்களின் பெயரில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். அவர்கள் போன பிறகும் மாற்ற மாட்டோம். பில் ஒழுங்காகக் கட்டுப்படுகிறவரை உயிரோடு இருப்பதற்கும் இல்லாததற்கும் கம்பனிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அம்மா மூன்று வருடமாக நல்ல வாடிக்கையாளர்.

மறுநாள் மனைவி சுகந்தியை மேசைக்குப் பக்கத்தில் இருத்தினேன். அம்மாவின் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

"எனக்கு ஏலாது" என்றாள்.

"ரண்டு வசனம்தானே. நீதான் அம்மா. லைன் வேண்டாம் எண்டு சொல்லு."

இந்த முறை வந்தது ஓர் ஆண். சுகந்தி குரலைத் தாழ்த்தி, இருமி, இலக்கத்தை வாசித்தாள். ஏன் அம்மா இணைப்பு வேண்டாம் என்று அவர் கேட்டார். அது கடதாசியில் இல்லை.

"நான் இனி என்னத்தைத் தம்பி பார்க்கப் போறன். வெட்டி விடு" என்றாள்.

"இப்பவே நிறுத்தணுமா, இல்ல மாசக் கடைசியிலயா அம்மா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். முதல்நாள் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கழுத்தை அறுக்கிற மாதிரி விரலால் காட்டினேன். இப்பவே.

"இப்பவே" என்றாள்.

மேசையில் கிடந்த என் போனில் நான்கு சதுரமும் கறுத்தன. அந்த நேரம் பார்த்துக் கஜன் மாடியிலிருந்து இறங்கினான்.

"புதுசு வந்திட்டுதா அப்பா?"

"வரும். இனித்தான் கேக்கோணும்."

"அப்பா, புதுசு வேலை செய்யுதெண்டு பார்த்திட்டுத்தான் பழசை வெட்டோணும். அதுதானே அப்பா முழு விஷயமே!" அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

சுகந்தி கடதாசியை நாலாக மடித்து என் கையில் தந்தாள். "மாமி இருக்கேக்கை என்னை அந்த வீட்டிலை ஒரு கதை கதைக்க விடேல்லை. செத்தாப்பிறகு அவவாவே ஆக்கிப்போட்டியள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

4

புதுக் கம்பனிக்கு நான் யார் என்பதில் எந்த அக்கறையும் இல்லை. வீட்டில் வசிக்கும் ஆளின் அடையாள அட்டை வேண்டும், கையெழுத்து வேண்டும். என்னிடம் இருப்பது மீசை முளைத்தும் முளைக்காத முகத்தோடு ஒரு பழைய அட்டை. ஆகவே மலரின் பெயர்.

"நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. காட்டிற இடத்திலை கையெழுத்துப் போடு. மிச்சம் நான் பார்க்கிறன்" என்று அவளுக்கு அடித்துச் சொன்னேன்.

"சரி அண்ணை" என்றாள்.

மிச்சத்தை என்னைப் பார்க்க விட்டால்தானே. நான் கம்பனிக்கு அடித்தால், "மேடம்கூடப் பேசிட்டோம் சார்" என்றார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், கணக்கு உரிமையாளருக்கு மட்டும்தான் சொல்லலாமாம். என் வீட்டுக்கு வரும் லைனைப் பற்றி எனக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது நான் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் நின்று கத்தியதில், பக்கத்து மேசைப் பிலிப்பீன்காரி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வில்லங்கம் வயர். வீதித் தூணிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கம்பி வர வேண்டுமென்றால் பக்கத்து வளவுக்கு மேலால்தான் வர வேண்டும். அந்த வளவுக்காரர் பாரிஸில் இருக்கிறார். வேலிச் சண்டையில் அவருக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. அவரிடம் போய்க் கேட்பதைவிட லைன் இல்லாமல் இருக்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் மலர் சொன்னாள்:

"நான் கதைச்சனான் அண்ணை. ஓம் எண்டவர். இடைஞ்சலான மரக்கொப்பையும் வெட்டச் சொன்னவர்."

"ஆரைக் கேட்டு அவனோடை கதைச்சனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

இதையும் நான் அப்போது ஒரு நல்ல செய்தியாக எடுக்கவில்லை.

காலையில் பாணைத் தோய்த்தபடி கறுப்புச் சதுரங்களைப் பார்த்தேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை. படலை திறந்து கிடக்கும், மோட்டர் போயிருக்கும், யாரோ தேங்காய் பிடுங்குவார்கள் என்று மனம் போன போக்கில் எல்லாம் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் மலருக்கு அடித்தேன். படலை பூட்டியாச்சோ? ஓம் அண்ணை. மோட்டர் கிடக்கோ? கிடக்கு அண்ணை. வயர் வந்திட்டுதோ? அதற்கு மட்டும் அவள் "பார்ப்பம் அண்ணை" என்பாள். கம்பனிக்காரனைத் திட்டுவேன், போனை வைப்பேன். நாலு நிமிடத்துக்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை.

5

திவசத்தன்று மலர் வீடியோ அழைப்பு எடுத்தாள். படைத்து முடிந்து, வந்த ஆட்களுக்குச் சாப்பாடும் கொடுத்து முடித்திருந்தாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் வைத்த வாழைக்காய்ப் பொரியல் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. படம் ஒரு தரம்கூட உறையவில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவள் திரும்பியபோது, அலுமாரிக்கு மேலே பச்சை வெளிச்சம் மினுங்கியது.

"மலர், அது என்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மறைக்கவில்லை. "ரவுட்டர்."

"லைன் வந்திட்டுதோ?"

"ஓம். வந்து பன்ரண்டு நாள்."

"பின்னை ஏன் கமரா வேலை செய்யேல்லை?"

"கமராப் பெட்டியை நான் லைனிலை கொளுவேல்லை அண்ணை."

"கொளுவத் தெரியாட்டி எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ!"

"தெரியும். வயர் இழுக்க வந்தவர் காட்டித் தந்தவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

அதன் பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத மாட்டேன். நன்றி கெட்டவள் என்றேன். பன்னிரண்டு நாள் பொய் சொன்னாய் என்றேன். கடைசியில், எது சொல்லக் கூடாதோ அதையும் சொன்னேன்.

"வீடு ஆற்றை பேரிலை இருக்கெண்டு தெரியும்தானே?"

"தெரியும். வீடு உங்கடை பேரிலை. லைன் என்ரை பேரிலை."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. போனை எடுத்துக்கொண்டு பின் விறாந்தைக்குப் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பின்னால் கிணற்றுக்கட்டு தெரிந்தது.

"கிணத்தடியிலை ஏன் அண்ணை கமரா பூட்டினனீங்கள்?"

"மோட்டர் களவு போகாமல் இருக்க."

"அங்கை நான் குளிக்கிறனான்."

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"மூண்டு வருசமா அந்தக் கிணத்தடியிலை நிண்டு ஒரு வாளி தண்ணி அள்ளி வார்க்கேல்லை. கக்கூசுக்குள்ளை வாளியைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப்போட்டுக் குளிக்கிறன். விடியப்புறம் இருட்டோடை குளிப்பம் எண்டால், இருட்டிலையும் தெரியுமெண்டு பூட்டினவர் சொல்லிப்போட்டுப் போனவர். ஒருநாள் சீலையைப் போட்டு மறைச்சனான். அடுத்தநாள் அந்தப் பெட்டிக்குள்ளாலை கத்தினீங்கள், துணியை எடடி எண்டு. படலையிலை சனம் நிண்டது."

எனக்கு ஞாபகம் இருந்தது. கொடியில் காய்ந்த துணி காற்றுக்குப் பறந்து மூடிவிட்டது என்று நினைத்திருந்தேன். இவளுக்கு ஒரு துணியை ஒழுங்காகக் காயப்போடத் தெரியவில்லை என்று அன்றைக்குச் சுகந்தியிடமும் சொன்னேன்.

"நான் அதெல்லாம் பார்க்கிறேல்லை மலர்."

"பார்க்கிறேல்லையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கடை போனை ஆர் ஆர் எடுத்துப் பார்க்கினமோ, நான் கண்டனானே?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், சமாதானம் சொல்லியிருப்பேன்.

"நான் சண்டைக்குச் சொல்லேல்லை" என்றாள். "கமரா வேணுமெண்டால் சொல்லுங்கோ, கொளுவி விடுறன். கொளுவிப்போட்டு நான் வேலணைக்குப் போயிடுவன். சங்கத்திலை என்னோடை வேலை செய்யிறவ ஒரு அறை தாறன் எண்டவ. உடுப்பு அடுக்கிப்போட்டன். பிறகு நீங்கள் வீட்டை எவ்வளவும் பாருங்கோ."

6

நான்கு நாள் நான் மலருக்கு அடிக்கவில்லை. முதல் இரண்டு நாளும் போகட்டும் என்றுதான் இருந்தேன். போனால் போகிறாள், கமரா இருக்கிறது. சாவியைப் பக்கத்தில் யாரிடமாவது கொடுக்கலாம். சண்டையில் தோற்கக் கூடாது என்று இந்த நாட்டில் பழகிய புத்தி அது. யாரோடு சண்டை பிடிக்கிறேன் என்று அது பார்க்காது.

சுகந்தியிடம் நியாயம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முதல் வருசமே சொன்னவ. நான் உங்களுக்குச் சொன்னனான்."

"எப்ப சொன்னனீ?"

"சொன்னனான். மோட்டர் போனால் நீ வாங்கித் தாறியோ எண்டு கேட்டியள். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கேல்லை."

கேட்டிருப்பேன். அது என் வசனம்தான். என் குரல்கூட அதில் இருந்தது.

கஜன் எங்கள் பேச்சில் தலையிடுகிறவன் இல்லை. ஊர் அவனுக்கு ஒரு விடுமுறையில் நுளம்பு கடித்த இடம், அவ்வளவுதான். அன்றைக்கு அவன் தட்டைக் கழுவிக்கொண்டு திரும்பாமலே சொன்னான். அவனுடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் தேடி வரும்.

"அப்பா, வீட்டை அத்தை பார்க்கிறா. பிறகு அத்தையை ஏன் நீங்கள் பார்க்கோணும்?"

அவனுக்கும் கத்தினேன். ஊரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றேன். அவன் கையைத் துடைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

மூன்றாம் நாள் பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தபோது, மலர் போன பிறகு அந்த நான்கு சதுரத்திலும் என்ன தெரியும் என்று யோசித்தேன். படலை தெரியும், பூட்டியபடி. விறாந்தை தெரியும், ஒரு கதிரையும் இல்லாமல். முற்றத்தில் சருகு சேரும், எடு என்று சொல்ல ஆள் இல்லை. பாரிஸ்காரரின் வளவு போல, அதற்கு அடுத்த வளவு போல. அந்த வீதியில் பின்னேரம் விளக்கு எரிகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதை எரிய வைக்கிறது நான் என்று இவ்வளவு காலமும் மனதார நம்பியிருந்தேன். எனக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு மலருக்கு அடித்தேன். வீடியோ இல்லை, வெறும் போன்.

"மலர், கமராவைக் கழட்டு. நாலையும் கழட்டு."

"கழட்டியாச்சு அண்ணை."

"எப்ப?"

"திவசத்துக்கு அடுத்த நாள். ஏணி வைச்சு நானே கழட்டினனான்."

"நான் என்ன சொல்லுவன் எண்டு தெரியாமலோ?"

"நீங்கள் வேணுமெண்டால் ஆளை விட்டுப் பூட்டுவிப்பியள்தானே. நான் நிக்கிற நாளுக்கு அது வேண்டாமெண்டு கழட்டினனான்."

"அப்ப வேலணைக்கு?"

எங்கோ ஒரு வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"உடுப்பெல்லாம் இன்னும் பையுக்குள்ளைதான் கிடக்கு. இனித்தான் எடுத்து அலுமாரிக்குள்ளை வைக்கோணும்" என்றாள். "சரி அண்ணை, வைக்கிறன். வெயில் கிடக்கேக்கை கிணத்தடியிலை முழுகிப்போட்டு வாறன்."

வைத்துவிட்டாள். ஏணியில் ஏறும்போது யாராவது பிடித்தார்களா என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கென்றுதான் அவளுக்கு அடித்தேன். சுகந்திக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டு எடுத்தேன். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசியதைத் திரும்ப யோசித்துப் பார்த்தால், அதிலும் அவளுக்கு ஒரு கட்டளைதான் போட்டிருக்கிறேன்.